16 வயதுப் பையனுக்குத் தங்கிச் சிகிச்சை, டெல்டா பக்கம் எங்கே?

மன்னார்குடி பக்கம் கிராமம். மகன் பிளஸ் ஒன். எட்டு மாதமாக டேபென்டடால் என்ற வலி மாத்திரையைப் போதைக்காகச் சாப்பிடுகிறான். துணி துவைக்கும்போது சட்டைப் பையில் காலி அட்டை நாலு இருந்தது, அப்போதுதான் தெரியும். அதுவரை பம்புசெட்டில் குளிக்கப் போகிறான் என்றே நினைத்தேன்.

தஞ்சாவூரில் மனநல டாக்டரிடம் காட்டினோம். பத்து நாள்கூட மருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அப்புறம் ஒரு தனியார் மையத்தில் 30 நாள். பெரிய ஆட்களோடு ஒரே ஹாலில் படுக்கை, எங்களை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். சிறுவர்களைத் தனியாக வைக்க வேண்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. வீடு வந்த மூன்றாம் வாரம் பழையபடி. நிறுத்தினால் வியர்வை, கால் குடைச்சல், தூக்கமில்லை.

தஞ்சை, திருவாரூர், திருச்சிக்குள் 18 வயதுக்குக் கீழானவர்களைத் தனியாக வைத்து, அம்மாவையும் தங்கவிடும் இடத்தில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?