டெல் ஷானன்: ஒரே பாட்டுக்காரரா?

ஊசிமுனை:
போன வாரம் அறுபதுகளில் தாங்களே எழுதித் தாங்களே பாடியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது கடைசிபெஞ்ச் நண்பர், "டெல் ஷானனை விடுங்க, ‘ரன்அவே’ ஒன்றுதான், அதுவும் அந்த கீபோர்டு சத்தத்தால் ஓடிய பாட்டு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை, அதனால் தனி இழையாகத் திறக்கிறேன்.

சார்லஸ் வெஸ்டோவர் என்பது டெல் ஷானனின் நிஜப் பெயர். 1934இல் அமெரிக்காவின் மிச்சிகனில் பிறந்தவர். ராணுவ வேலையாக ஜெர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பி, பேட்டில் க்ரீக் என்ற ஊரில் பகலில் கம்பளக் கடையில் விற்பனையாளராகவும் இரவில் ஹை-லோ கிளப்பில் பாடகராகவும் இருந்தார். ஓர் இரவு மேடையில் உடன் வாசித்த மேக்ஸ் க்ரூக் கீபோர்டில் ஏ மைனர் என்ற கார்டிலிருந்து ஜி கார்டுக்கு இறங்கினார். ஷானன் நிறுத்தச் சொல்லி, அதையே மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுநாள் கம்பளக் கடையில் உட்கார்ந்து ‘ரன்அவே’ வரிகளை எழுதி முடித்தார். 1961 ஜனவரியில் நியூயார்க்கின் பெல் சவுண்ட் ஸ்டூடியோவில் பதிவு. ஏப்ரலில் அமெரிக்காவில் முதலிடம், நான்கு வாரம் அங்கேயே. அப்புறம் பிரிட்டனிலும் முதலிடம்.

அதோடு ஓய்ந்துவிடவில்லை. பிரிட்டனில் மட்டும் எட்டுப் பாடல்கள் முதல் பத்துக்குள் வந்தன. ‘ஹேட்ஸ் ஆஃப் டு லாரி’, ‘ஹே லிட்டில் கேர்ள்’, ‘லிட்டில் டவுன் ஃப்ளர்ட்’, ‘கீப் சர்ச்சின்’ எல்லாம் அவர் எழுதியவை, அல்லது இன்னொருவரோடு சேர்ந்து எழுதியவை. இவரை எப்படி ஒரே பாட்டுக்காரர் என்று சொல்ல மனம் வருகிறது?

கடைசிபெஞ்ச்:
சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஹிட் கணக்கு எனக்கும் தெரியும். நான் கேட்டது வேறு. அந்தப் பாட்டை அந்தப் பாட்டாக ஆக்கியது யார்?

நடுவில் வருகிற அந்தக் கீச்சென்ற இசை மேக்ஸ் க்ரூக்குடையது. கிளாவியோலின் என்ற சின்ன மின்னணு வாத்தியத்தைப் பிரித்து, பழைய சாமான்களிலிருந்து எடுத்த பாகங்களைச் சேர்த்து, ‘மியூசிட்ரான்’ என்று பெயர் வைத்து அவரே கட்டிய பெட்டி. அமெரிக்காவில் முதலிடம் வந்த பாட்டு ஒன்றில் அப்படியொரு ஓசை அதற்கு முன் கேட்டதில்லை. மின்னணு ஓசைக்குப் பேர்போன ‘டெல்ஸ்டார்’ இசைத்தட்டு வந்ததே அடுத்த வருடம்தான். பாட்டுக்கு எழுத்துரிமையும் இருவர் பெயரிலும்தான் இருக்கிறது.

அடுத்தது குரல். பதிவன்று ஷானன் பதற்றத்தில் சுருதி இறங்கிப் பாடினார், தயாரிப்பாளர் ஹாரி பாக் பிறகு டேப்பின் வேகத்தைக் கூட்டி மேலே தூக்கினார் என்பது இந்தப் பாட்டைத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த ஒல்லியான, அவசரப்படுகிற குரலை நாம் ரசிக்கிறோமே, அதில் பாதி டேப்பின் வேலை.

மற்ற ஹிட்களில் என்ன இருக்கிறது? அவள் போய்விட்டாள், அல்லது போகப்போகிறாள், நான் அழுகிறேன், கடைசியில் கள்ளக்குரலில் ஒரு கூவல். ஒரே அச்சில் வார்த்த செங்கல். பாடகர் ராய் ஆர்பிசன் அதே காலத்தில் அதே அழுகையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டையும் வெவ்வேறு வடிவத்தில் கட்டினார்.

கீரவாணி:
நான் கீபோர்டு சொல்லிக்கொடுப்பவள். இந்தப் பாட்டை மாணவர்களுக்கு அடிக்கடி வைப்பேன், அதனால் சொல்கிறேன்.

முதல் பகுதி மைனரில் ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று படிப்படியாக இறங்குகிறது. நம் கணக்கில் நடபைரவி ராகம். கடைசியில் ஈ மேஜர் வரும்போது நிஷாதம் ஏறிக் கீரவாணி ராகத்தின் நிறம் எட்டிப் பார்க்கும். இந்த இறங்குமுகம் ஷானன் கண்டுபிடித்ததில்லை, ஸ்பானிய இசையில் காலகாலமாக இருப்பது. அவர் செய்தது அதற்கு அடுத்ததுதான். மழையில் நடக்கிறேன் என்ற இடம் வந்ததும் பாட்டு அதே ஆதார சுருதியில் மேஜருக்குத் தாவுகிறது. சங்கராபரணம்! வரிகளில் துக்கம் கூடுகிற இடத்தில் இசை வெளிச்சமாகிறது. வகுப்பில் இந்த இடம் வரும்போது பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள், ஒவ்வொரு முறையும். குரல் உச்சிக்குப் போய் உடைகிற "வை-வை-வை" (ஏன், ஏன், ஏன்) அந்த மேஜர் பகுதிக்குள்தான் வருகிறது. டேப்பை ஓட்டி அந்தத் தாவலை உண்டாக்க முடியாது, அது எழுதும்போதே இருக்க வேண்டும்.

மியூசிட்ரான் பற்றிக் கடைசிபெஞ்ச் சார் சொன்னது உண்மை. அதன் தாய் வாத்தியம் நமக்கும் புதிதில்லை. 1954இல் வந்த இந்திப் படம் ‘நாகின்’இல் மகுடி என்று நாடே மயங்கிக் கேட்டது கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின். க்ரூக் அதே குடும்பத்துப் பெட்டியை ராக் பாட்டுக்குக் கொண்டுபோனார். அவருக்குரிய இடத்தைக் குறைக்கக் கூடாது. ஆனால் பெட்டியை எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்கிறது. பாடகி பானி ரைட் 1977இல் வேகத்தைக் குறைத்து, மவுத் ஆர்கன் வைத்துப் பாடினார். எல்விஸ் 1969இல் லாஸ் வேகஸ் மேடையில் பாடினார். இரண்டிலும் மியூசிட்ரான் கிடையாது.

ஊசிமுனை:
நன்றி மேடம். நான் வரிகளிலிருந்து வருகிறேன்.

‘ஹேட்ஸ் ஆஃப் டு லாரி’யை அழுகைப் பாட்டு என்று ஒதுக்குவது நியாயமில்லை, கடைசிபெஞ்ச். கதையைப் பாருங்கள். இவனை விட்டுவிட்டு அவள் லாரியிடம் போனாள். லாரி அவளைக் கைவிட்டான். இவன் லாரிக்குச் சபாஷ் சொல்கிறான்! அவள் அழுவதைப் பார்த்துக் குதூகலிக்கிறான். அதே மூச்சில் திரும்பி வா என்றும் கெஞ்சுகிறான். 1961இல் பதின்வயதினருக்காக எழுதப்பட்ட பாட்டில் காதலன் இவ்வளவு அசிங்கமான மனநிலையை ஒளிக்காமல் சொல்வது சாதாரணமில்லை. கெட்ட ஆசையும் உண்மையான வலியும் ஒரே ஆளிடம் இருக்கின்றன, இரண்டையும் அவர் மறைக்கவில்லை.

‘கீப் சர்ச்சின்’ இன்னும் ஒருபடி மேல். வீட்டில் கொடுமைப்படுத்தப்படும் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். ஒளிந்துகொள்ள இடம் தேட வேண்டும், எங்கே என்று தெரியாது. அடுத்து வந்த ‘ஸ்ட்ரேஞ்சர் இன் டவுன்’ பாட்டில் அந்தச் சோடியை யாரோ பின்தொடர்கிறார்கள். இந்த மூன்றையும் ‘ரன்அவே’யோடு வரிசையாகக் கேளுங்கள். முதலில் ஓடிப்போனவளைத் தேடுகிறவன், கடைசியில் தானே ஓடுகிறவனாகிவிடுகிறான். அச்சில் வார்த்த செங்கலா இது?

க்ரூக்கும் பாக்கும் இல்லாவிட்டால் இவர் யார் என்கிறீர்கள். ‘ஐ கோ டு பீசஸ்’ எழுதியது ஷானன். அதைப் பாடி 1965இல் அமெரிக்காவின் முதல் பத்துக்குள் கொண்டுபோனவர்கள் பீட்டர் அண்ட் கோர்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். அதில் மியூசிட்ரானும் இல்லை, டேப் வித்தையும் இல்லை, ஷானனின் குரல்கூட இல்லை.

காதும் பெரிய காதுதான். 1963 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பீட்டில்ஸோடு ஒரே நிகழ்ச்சியில் பாடினார். அங்கே ‘ஃப்ரம் மீ டு யூ’வைக் கேட்டுவிட்டு, அமெரிக்காவுக்காகத் தானே பதிவு செய்தார். பில்போர்டில் 77வது இடம். பீட்டில்ஸின் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதிய பாடல் ஒன்று அமெரிக்க நூறு பாடல் பட்டியலில் முதல்முதலாக ஏறியது இவர் குரலில்தான். பீட்டில்ஸின் சொந்தப் பதிவு அப்போது அந்த நூறுக்குள் வரவில்லை.

கடைசிபெஞ்ச்:
‘ஐ கோ டு பீசஸ்’ நல்ல வாதம், யோசிக்கிறேன். பீட்டில்ஸ் விஷயம் எழுத்துக்குச் சான்றாகாது. அடுத்தவர் பாட்டை முதலில் எடுத்துப் பாடியது மட்டும்தான் அது.

நீங்கள் 1965இல் நிறுத்திவிட்டீர்கள். நான் அங்கிருந்து தொடங்குகிறேன். 1966இல் லிபர்டி என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனார். ‘திஸ் இஸ் மை பேக்’, ‘டோட்டல் கமிட்மென்ட்’ என்று அதே வருடம் இரண்டு ஆல்பங்கள், பெரும்பகுதி மற்றவர்களின் ஹிட்கள். ரோலிங் ஸ்டோன்ஸின் ‘அண்டர் மை தம்ப்’ஐ ஷானன் ஏன் பாட வேண்டும்? அந்த வருடம் பாப் டிலனும் பீச் பாய்ஸின் பிரையன் வில்சனும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பாருங்கள். அறுபதுகளின் பாட்டு சிங்கிள் என்ற தனிப்பாட்டுத் தட்டிலிருந்து ஆல்பத்துக்கு நகர்ந்தபோது எழுதத் தெரிந்தவர் பேனாவை மூடிவைத்துவிட்டார். இதுதான் என் முக்கியமான குறை. எழுத்தாளர் என்றால் காலம் மாறும்போதும் எழுதியிருக்க வேண்டும்.

மட்டுநகர் வாசி:
நான் அந்தக் காலத்துப் பிள்ளை. ரேடியோ சிலோன் ஆங்கிலச் சேவையில்தான் இந்த ஆளின் குரலை முதலில் கேட்டேன். வரிகள் விளங்கவில்லை. அண்ணன் ரேடியோவுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டு, கொப்பியில் எழுத முயன்று, பாதியில் பாட்டு முடிந்துவிடும். இரண்டே கால் நிமிடம்தானே! மறுபடி எப்போது போடுவார்கள் என்று காத்திருப்பான்.

தம்பிமார் இருவரும் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். 1965இல் ‘கீப் சர்ச்சின்’ ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இவர் என்ன ஆல்பம் போட்டார் தெரியுமோ? கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டுகளைப் பாடி ஒரு முழு ஆல்பம். எல்லாரும் பீட்டில்ஸ் முடி வளர்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பழைய கன்ட்ரி பாட்டுகளை அலங்காரம் அதிகமில்லாமல் பாடியிருக்கிறார். இவருடைய குரல் உடைகிற இடம் எங்கிருந்து வந்தது என்று அதைக் கேட்டால் தெரியும். வில்லியம்ஸின் குரல் உடைகிற அதே இடம். டேப் வேகம் கூட்டியதால் வந்த குரல் என்ற கதையை நான் அந்த இசைத்தட்டோடு விட்டுவிட்டேன்.

ஊசிமுனை:
ஐயா, அந்த ஆல்பத்தை நான் மறந்தே போனேன். நீங்கள் சொன்னது பெரிய உதவி.

கடைசிபெஞ்ச், 1966 ஆல்பங்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அவற்றில் ஷானன் யாரோ மாதிரி இருக்கிறார். ஆனால் பேனாவை மூடிவிட்டார் என்பது தவறு. 1967இல் ரோலிங் ஸ்டோன்ஸின் தயாரிப்பாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்ட்ஹம் அவரை லண்டனுக்கு வரவழைத்து ஓர் ஆல்பம் பதிவு செய்தார். நிக்கி ஹாப்கின்ஸும் ஜான் பால் ஜோன்ஸும் போன்ற பெயர்பெற்ற இசைக்கலைஞர்கள் வாசித்தார்கள். நிறுவனம் அந்த ஆல்பத்தை வெளியிடாமல் கிடப்பில் போட்டது. அந்தப் பாடல்கள் ஆல்பமாகச் சேர்ந்து வர 1978 ஆயிற்று. எழுபதுகளின் இறுதியில் வந்த ஒன்றை வைத்து யாரும் 1967இன் கணக்கை எழுதவில்லை. அதனால்தான் உங்கள் கணக்கில் அந்த வருடம் காலியாக இருக்கிறது.

அப்புறம் 1968. ‘தி ஃபர்தர் அட்வென்சர்ஸ் ஆஃப் சார்லஸ் வெஸ்டோவர்’. புகழ் வாங்கித்தந்த பெயரை விட்டுவிட்டு, பெற்றோர் வைத்த பெயரைத் தலைப்பில் போட்டார். அதில் ‘சில்வர் பர்ச்’, ‘கலர் ஃப்ளாஷிங் ஹேர்’ கேளுங்கள். ஒன்றும் விற்கவில்லை. பட்டியலில் ஏறாத ஆல்பம் எழுதப்படாத ஆல்பம் ஆகிவிடுமா?

கடைசிபெஞ்ச்:
1967 பதிவுகளில் பெரும்பாலானவை ஓல்ட்ஹம் கூட்டத்தார் எழுதிய பாடல்கள், ஷானன் எழுதியவை குறைவு. அதை நீங்கள் சொல்லவில்லை. 1968 ஆல்பத்தை நான் முழுதாகக் கேட்டதில்லை, இன்றிரவு கேட்கிறேன்.

மழைக்கால்:
எல்லோரும் ஏன் வெளிப்படையாகச் சொல்லத் தயங்குகிறீர்கள்? 1990 பிப்ரவரியில் 55 வயதில் தற்கொலை செய்துகொண்டவர். அவருடைய எல்லாப் பாட்டும் அதைத்தான் முன்கூட்டியே சொல்கிறது. ‘ரன்அவே’ கேட்டாலே எனக்கு அது தெரிகிறது.

கீரவாணி:
இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இருபதுகளின் நடுவில் கம்பளக் கடையில் உட்கார்ந்து பாட்டெழுதியவருக்கு 55 வயதில் நடக்கப்போவது தெரியாது. மனநோயோடும் குடியோடும் போராடினார். எழுபதுகளின் இறுதியில் குடியை விட்டு மீண்டார். ராக் பாடகர் டாம் பெட்டி தயாரிக்க 1981இல் ‘டிராப் டவுன் அண்ட் கெட் மீ’ ஆல்பம் கொண்டுவந்து, ‘சீ ஆஃப் லவ்’ பாட்டோடு மறுபடி அமெரிக்க நாற்பதுக்குள் வந்தார். அதற்கு முன்பே பாடகர் பிரையன் ஹைலண்டுக்கு ‘ஜிப்சி வுமன்’ தயாரித்து 1970இல் மூன்றாவது இடம் வரை ஏற்றினார். இவ்வளவும் வேலை செய்த மனிதரின் வாழ்க்கை. முடிவிலிருந்து பின்னோக்கிப் படித்தால் இந்த உழைப்பெல்லாம் வெறும் அறிகுறியாகச் சுருங்கிவிடும். நோயை நோயாகப் பேசுவோம், பாட்டைப் பாட்டாகக் கேட்போம்.

மட்டுநகர் வாசி:
கீரவாணி சொன்னது சரி, பிள்ளை.

கடைசிபெஞ்ச்:
1968 ஆல்பத்தை இரண்டு முறை கேட்டேன். ‘சில்வர் பர்ச்’ பாட்டை மூன்று முறை. ‘ரன்அவே’ பாடியவர் இது என்று பெயர் சொல்லாமல் வைத்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன். பிறகு ‘ஐ கோ டு பீசஸ்’ஐ பீட்டர் அண்ட் கோர்டன் குரலிலும் ஷானன் குரலிலும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டேன். அவர்கள் இருவரும் அழகாகப் பாடுகிறார்கள், இவர் பாடும்போது அந்த உடைதல் எழுதினவனுக்கே உரியதாக இருக்கிறது.

‘ஒரே பாட்டுக்காரர்’ என்றதை வாபஸ் வாங்குகிறேன். ஆர்பிசனுக்குச் சமம் என்று இன்னும் சொல்ல மாட்டேன். க்ரூக் பெயரை ‘ரன்அவே’க்குப் பக்கத்தில் எப்போதும் போட வேண்டும் என்பதிலும் மாற்றமில்லை.

ஊசிமுனை:
க்ரூக் பெயரில் எனக்கும் ஒரே கருத்துதான். ஆர்பிசன் பஞ்சாயத்தை அடுத்த இழையில் வைத்துக்கொள்வோம். ஐயா, அந்த ஹாங்க் வில்லியம்ஸ் இசைத்தட்டு இன்னும் உங்களிடம் இருக்கிறதா?

மட்டுநகர் வாசி:
இருக்கிறது தம்பி. இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல், மற்றபடி நன்றாகப் பாடும்.