வெஸலே போய் வந்தவர்கள் வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஜூன் 21-ஐ ஒட்டி அம்மாவோடு பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் உள்ள வெஸலேக்குப் போகிறேன். குன்றின் மேல் ஒரு சின்ன ஊர். உச்சியில் மகதலா மரியாளின் பெயரில் பழைய பேராலயம். 1146-இல் பெர்னார்ட் என்ற துறவி இரண்டாம் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்த ஊர் இதுதான்.

எங்களுக்கு முக்கியம் அங்கே விழும் வெளிச்சம். அந்த நாட்களில் சூரியன் உச்சிக்கு வரும்போது, தெற்குப் பக்க மேல் சன்னல்கள் வழியே இறங்கும் ஒளி, நடுக்கூடத் தரையில் பீடத்தை நோக்கித் திட்டுத் திட்டாக வரிசை கட்டி நிற்கும். பிரான்ஸ் கடிகாரப்படி மதியம் 2 மணிக்குச் சற்று முன். அம்மா இதைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார்.

பாரிஸிலிருந்து ரயிலில் செர்மிஸெல் வரை வந்துவிடலாம். அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர். டாக்ஸி நிலையத்திலேயே கிடைக்குமா, முன்பதிவு செய்யவேண்டுமா? அம்மாவுக்கு மூட்டுவலி; கடைத்தெரு முழுக்க ஏற்றம். கோயில் வாசல்வரை வண்டி போகுமா? மேலே தங்குவது நல்லதா, அடிவாரத்துச் சன்-பேர் கிராமமா? அப்புறம், அன்றைக்குக் கூட்டம் எப்படி இருக்கும், எத்தனை மணிக்கு உள்ளே போனால் உட்கார இடம் கிடைக்கும்?