மறு: சோகமான பிரிட்டிஷ் இண்டி பாப்புக்குக் கலைச்சொல் – ‘புலம்பிசை’ சரிவருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் போடாமல் ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். சோகமான பிரிட்டிஷ் இண்டி பாப்புக்கு (‘இண்டி’ என்பது ‘இண்டிபெண்டன்ட்’ என்பதன் சுருக்கம்) நான் முன்வைக்கும் சொல் ‘புலம்பிசை’. அதற்கு வருமுன் ஏற்கெனவே வந்த பரிந்துரைகளைப் பார்த்துவிடலாம்.

> ‘சோக மெல்லிசை’ என்றாலே போதுமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். சோகப் பாட்டு என்றதும் நம் காதில் விழுவது சினிமாப் பாட்டு. தாளம் தளரும், ஷெனாயோ வயலினோ வந்து இழையும், குரல் கம்மும். பாட்டின் எல்லா உறுப்பும் சேர்ந்து அழும். ‘மெல்லிசை’யோ எம்.எஸ்.வி. காலத்திலேயே திரையிசைக்கு வாழ்க்கைப்பட்டுவிட்ட சொல். நாம் பேர் தேடும் இசையில் மெட்டு ஒரு பக்கம் துள்ளும், சொல் இன்னொரு பக்கம் அழும்.

மான்செஸ்டரின் தி ஸ்மித்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் தொடங்கி 1987-இல் கலைந்துபோன குழு, நான்கே ஸ்டூடியோ ஆல்பம். ஜானி மார் கிட்டாரின் தந்திகளை மொத்தமாக அடித்து வாசிப்பதைவிட ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டுவதையே அதிகம் விரும்பினார். அப்படி மீட்டியதைப் பலமுறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். அந்தப் பளபளப்பின் மேல் மொரிஸ்ஸி வந்து, வேலை தேடினேன், வேலையும் கிடைத்தது, இப்போதும் துக்கம்தான் என்கிற பொருளில் பாடுவார். 1984-இல் வந்த அந்தப் பாட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 10-ஆம் இடம்வரை ஏறியது. அதைப் பாட ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அவர் வந்த கோலம்: கால்சட்டையின் பின்பையில் செருகிய பூக்கள், காதில் தேவையே இல்லாத செவித்துணைக் கருவி. உண்மையாகவே துக்கப்படுகிறாரா, துக்கப்படுகிறவர்களைக் கிண்டல் செய்கிறாரா என்று பார்க்கிறவர் திணற வேண்டும். அந்தத் திணறலை ‘சோகம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்க முடியாது. அதே குழுவின் கடைசி ஆண்டில், காதலி கோமாவில் கிடப்பதைப் பற்றி இரண்டே நிமிடத்தில் முடியும் ஒரு பாட்டு வந்தது. மெட்டை மட்டும் கேட்டால் குழந்தைகள் பாட்டு என்றுதான் நினைப்பீர்கள்.

> ‘இண்டி’யைச் ‘சுயாதீன’ என்று தமிழாக்கலாம். பத்திரிகைகளில் ஏற்கெனவே புழங்குகிறது.

புழங்குகிறது, ஆனால் தமிழ்ப் பத்திரிகையில் சுயாதீன இசை என்றால் சினிமாவுக்கு வெளியே வரும் பாட்டு. பிரிட்டனில் சங்கதி வேறு. 1980 ஜனவரியில் அங்கே இண்டி பட்டியல் தொடங்கியபோது, இசைத்தட்டைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய கம்பெனிகளின் விநியோகமாக இருக்கக்கூடாது என்பதுதான் அளவுகோல். பாட்டு எப்படி ஒலிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. லண்டனில் 1976-இல் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கிய ரஃப் டிரேட், அப்புறம் தட்டு வெளியிடும் நிறுவனமாகி, ஸ்மித்ஸையும் வெளியிட்டது. 1986-இல் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் வாரப் பத்திரிகை, 22 குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து ‘சி86’ என்ற கேசட்டைத் தபாலில் விற்றது. ஏறக்குறைய அந்தக் கட்டத்தில்தான் ‘இண்டி’ ஒரு சத்தத்தின் பேராக மாறிப்போனது: மெலிந்த குரல், கிணுகிணுக்கும் கிட்டார், கூச்ச சுபாவம். பெரிய கம்பெனியில் போய்ச் சேர்ந்துகொண்ட குழுக்களையும் பிற்பாடு இண்டி என்றே சொன்னார்கள். ‘சுயாதீன’ என்று பெயர்த்தால் கடைக்கணக்கு மட்டும் மிஞ்சும். ‘இண்டி’யை அப்படியே விட்டுவிடுவோம்.

> அழுமூஞ்சிப் பாட்டுக்கெல்லாம் எதற்கு ஐயா கலைச்சொல்? ‘அழுமூஞ்சி இசை’ என்றே வைத்துவிடுங்கள்.

கிண்டலாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்த இழையிலேயே பிரிட்டிஷ்காரர்களின் வழக்கத்துக்கு மிக நெருக்கமாக வந்தது உங்கள் சொல்தான். இந்த இசைக்கு அங்கே வாய்த்த பேர்களில் பாதி வசவாகப் பிறந்தவை. ‘ஸ்வீட்’ என்று சொல்ல வராத குழந்தையின் குழறலிலிருந்து வந்த சொல் ‘ட்வீ’. பால்குடி மறக்காத பாட்டு என்று அர்த்தம். மேடையில் தலை நிமிராமல் காலடியிலிருக்கும், கிட்டார் ஒலியை மாற்றும் பெடல்களையே பார்த்துக்கொண்டு நின்ற குழுக்களுக்குப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பட்டப்பேர் ‘ஷூகேஸ்’. 2000-இல் கோல்ட்ப்ளே குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது, ஒயேசிஸ் குழுவை வெளியிட்ட கிரியேஷன் நிறுவனத்தின் ஆலன் மெகீ, இது படுக்கையை நனைக்கிறவர்களின் இசை என்றார். (கோல்ட்ப்ளேயை இந்த வகையில் சேர்ப்பதா என்பது வேறு சண்டை. என்னைக் கேட்டால் வேண்டாம். அவர்களிடம் சோகம் உண்டு, குசும்பு இல்லை.) ரசிகர்கள் வசவையே பட்டமாக எடுத்து மாட்டிக்கொண்டார்கள். இன்று ஷூகேஸ் என்று சொன்னால் யாருக்கும் சுருக்கென்று தைப்பதில்லை.

சாரா ரெக்கார்ட்ஸைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. ப்ரிஸ்டலில் 1987-இல் கிளேர் வாட், மேட் ஹெய்ன்ஸ் என்ற இருவர் வீட்டிலிருந்தே நடத்திய நிறுவனம். பெரும்பாலும் ஏழு அங்குலத் தட்டுகள், உறைக்குள் மடித்து வைத்த சுவரொட்டியோ தபாலட்டையோ. ஒரே பாட்டைப் பல வடிவங்களில் விற்று ரசிகனின் பையைக் காலி செய்யும் வேலை வேண்டாம் என்பதில் பிடிவாதம். இசைப் பத்திரிகைகள் இவர்களைச் சவலைப்பிள்ளைகள் என்கிற தோரணையில் நக்கலடித்துக்கொண்டே இருந்தன. வரிசை எண் 50-இல் பாட்டே கிடையாது, தாயக்கட்டை உருட்டி ஆடும் பலகை விளையாட்டு ஒன்றை வெளியிட்டார்கள். 1995-இல் எண் 100 வந்ததும் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டுக் கடையை மூடினார்கள். நஷ்டத்தால் மூடியதல்ல, நூறு போதும் என்று முடிவு. மென்மையான பாட்டுப் போடுகிறவர்கள் மென்மையானவர்கள் என்று நினைத்தவர்களுக்கு இது நல்ல பதில்.

கிளாஸ்கோவின் பெல் அண்ட் செபாஸ்டியன் குழுவின் கதையும் அதே ரகம். அதன் பாடகர் ஸ்டூவர்ட் மர்டாக் நாள்பட்ட சோர்வு நோயால் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தவர். அந்தக் காலத்தில்தான் பாட்டெழுதத் தொடங்கினார். 1996-இல் முதல் ஆல்பத்தை ஸ்டோ கல்லூரியின் இசைத்தொழில் வகுப்பு மாணவர்கள் வெளியிட்டார்கள், ஆயிரமே பிரதிகள். 1999-இல் பிரிட்டிஷ் இசைத்துறையின் பிரிட் விருதுகளில் சிறந்த புதுமுகம் பொதுமக்கள் வாக்கில் தேர்வானது. ஸ்டெப்ஸ் என்ற துள்ளாட்டக் குழு ஜெயிக்கும் என்று எல்லோரும் நினைத்திருக்க, இவர்கள் ஜெயித்தார்கள். எதிர்த்தரப்பிலிருந்து புகார், பத்திரிகைகளில் அமளி. கூச்சப்படுகிறவர்களும் கூட்டம் சேர்ப்பார்கள் என்பதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆக, பிடித்தவர்களுக்கு உயிர், பிடிக்காதவர்களுக்கு எரிச்சல். நடுவில் நிற்பவர்களை அதிகம் பார்க்க முடியாது. நமது சொல் இரண்டு தரப்பின் வாயிலும் புழங்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘ஏக்க இசை’, ‘இரங்கிசை’ என்று நண்பர்கள் தந்தவை அழகாக இருக்கின்றன, அதுதான் குறை. ரசிகன் மட்டுமே சொல்வான். ‘அழுமூஞ்சி’யை எதிரி மட்டுமே சொல்வான்.

‘புலம்பு’ அப்படியில்லை. “சும்மா புலம்பாதே” என்பது இன்றைய வழக்கு; எரிச்சல்காரர்களுக்கு அது போதும். தொல்காப்பிய உரியியலோ ‘புலம்பே தனிமை’ என்கிறது. அங்கே அழுகையும் இல்லை, முறையீடும் இல்லை, ஆளில்லாமை மட்டும்தான். 1980-களில் இந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள் இருந்த ‘பெட்சிட்’, அதாவது கட்டிலும் அடுப்பும் ஒரே அறைக்குள் இருக்கும் வாடகைக் குடித்தனம், நம் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைக்கு ஒன்றுவிட்ட தம்பி. 1982-இல் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அந்த அறைக்குள் இருந்தவனுக்குப் புலம்பு என்பதன் பழைய பொருளும் பொருந்தும், புதிய பொருளும் பொருந்தும்.

சொல்லாக்கத்திலும் சிக்கல் இல்லை. பாப்புக்குத் ‘துள்ளிசை’ என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். துள்ளு, துள்ளிசை, புலம்பு, புலம்பிசை. மாற்றுக் கருத்துகளை எழுதுங்கள்.

அன்புடன்.

———

தம்பிக்கு,

மடல் வாசித்தேன். இரண்டு விஷயம் சொல்ல வேணும்.

‘புலம்பல்’ என்றால் எங்கட பக்கத்தில செத்தவீட்டு ஞாபகம்தான் முதலில வரும். வேதாகமத்திலயும் எரேமியாவின் புலம்பல் என்று ஒரு ஆகமமே இருக்கு. அந்தப் பாரத்தை ஒரு பொப் பாட்டின் தலையில வைக்கலாமோ என்று யோசியுங்கோ. நாங்கள் ‘பொப்’ என்றுதான் எழுதுவம். இலங்கைப் பாடகர் ஏ.ஈ. மனோகரனைப் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று கொண்டாடின ஆக்கள் நாங்கள். எங்களுக்குப் பொப் என்றால் ஆட்டமும், பைலா என்ற துள்ளல் பாட்டும்.

மற்றது, நான் எண்பதுகளின் நடுவில லண்டனுக்கு வந்தனான். பெற்றோல் நிலையத்தில இரவு வேலை. கூட நின்ற வெள்ளைக்காரப் பெடியன் ஸ்மித்ஸ் கேசட் போடுவான். சொந்த நாடு, சொந்த மொழி, பஸ் பிடிச்சால் தாயின்ர வீடு. இவனுக்கு என்ன கவலை என்று எனக்கு ஆத்திரமாய் இருக்கும். இப்பவும் அந்தக் கிட்டாரைக் கேட்டால் பெற்றோல் மணம்தான் வருது. பாட்டைச் சகிக்கேலாது.

ஆனால் சொல் பிழையில்லை. சங்கப் பாட்டில நெய்தல் தலைவனுக்கு ‘மெல்லம்புலம்பன்’ என்று ஒரு பேர் இருக்கு. அங்க புலம்பு என்பது கடற்கரை. மான்செஸ்டருக்குக் கடல் இல்லை, பரவாயில்லை.

———

ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் ஆத்திரத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அந்த இசையின் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளிலேயே கனமானது அதுதான். ஒரு தகவல் மட்டும்: மொரிஸ்ஸியின் பெற்றோரும் மாரின் பெற்றோரும் அயர்லாந்திலிருந்து மான்செஸ்டருக்குக் குடியேறியவர்கள். லாஸ் ஏஞ்சலீஸில் ஸ்மித்ஸ் குழுவைக் கொண்டாடுகிறவர்களில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் கணிசம். ஸ்மித்ஸ் பாட்டுகளை மட்டுமே வாசிக்கும் குழுக்களே அவர்களிடையே உண்டு. குடியேறிகளின் பிள்ளை பாடியதைக் குடியேறிகளின் பிள்ளைகள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள்.

அதே மொரிஸ்ஸிதான் 2018-இல் ‘ஃபார் பிரிட்டன்’ என்ற இஸ்லாம் எதிர்ப்புக் கட்சிக்கு வெளிப்படையாக ஆதரவு சொன்னார். பழைய ரசிகர்கள் பலர் அதோடு தட்டுகளைப் பரணில் போட்டுவிட்டார்கள். எனக்கும் அவர் குரலைக் கேட்கும்போது ஒரு கசப்பு வரத்தான் செய்கிறது. மாரின் விரல்களுக்காகக் கேட்கிறேன். இதற்கு முன்பு, 2010-இல், கன்சர்வேட்டிவ் பிரதமர் டேவிட் கேமரன் தனக்கு ஸ்மித்ஸ் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பிடிக்கும் என்று சொல்லக்கூடாது, தடை விதிக்கிறேன் என்று ட்விட்டரில் போட்டவர் அதே மார். யார் கேட்கலாம், யார் கேட்கக்கூடாது என்று குழுவே சண்டைக்கு வரும் இசை இது.

செத்தவீட்டுச் சிக்கலுக்கு ஒரு வழி: ‘புலம்பல் இசை’ என்று எழுதுவதை விலக்கிவிட்டு, எப்போதும் ‘புலம்பிசை’ என்று ஒட்டியே எழுதலாம். அகராதிக் குறிப்பில் தனிமைப் பொருளை முதலிலும் முறையீட்டுப் பொருளை அடுத்ததாகவும் போடுவோம். ‘ட்வீ பாப்’புக்கு ‘மழலை பாப்’ என்று ஒரு நண்பர் தந்ததற்கு எதிர்ப்பு வரவில்லை, அதையும் சேர்த்துவிடலாம். ‘ஷூகேஸ்’ இப்போதைக்கு ஷூகேஸாகவே இருக்கட்டும். ‘காலணிநோக்கி’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பாக்கி இருப்பது, அந்தக் கிட்டார் சத்தத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘ஜாங்கிள்’. மேலே நானே ‘கிணுகிணுக்கும்’ என்று எழுதிவிட்டேன், ஆனால் அதில் கொலுசுச் சத்தம் தூக்கலாக இருக்கிறது. குழுவில் பன்னிரண்டு தந்திக் கிட்டார் வாசிக்கிறவர்கள் யாராவது இருந்தால், வாசிக்கும்போது உங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்வீர்கள் என்று எழுதுங்கள்.