ராபர்ட் ஜான்சன் படத்தைப் பெரிதாக அச்சிட உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். நாங்கள் கிட்டார் பயிலும் அறையின் சுவரில் அமெரிக்க ப்ளூஸ் இசைக் கலைஞர் ராபர்ட் ஜான்சனின் படத்தை இரண்டடி உயரத்தில் மாட்ட ஆசைப்படுகிறேன். மெம்பிஸ் நகரின் ஹுக்ஸ் பிரதர்ஸ் ஸ்டுடியோவில் 1930களின் நடுவில் எடுத்த படம்தான் வேண்டும். கோடு போட்ட கோட்டு, சற்றே சாய்ந்த தொப்பி, கால்மேல் கால், மடியில் கிட்டார். அந்த நீண்ட விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்! 1938இல் 27 வயதில் இறந்த அந்த மேதையின் படங்கள் மிகச் சிலவே நமக்குக் கிடைத்திருக்கின்றன. வாயில் சிகரெட்டுடன் இருக்கும் இன்னொரு படம் எனக்கு வேண்டாம். 1994இல் அமெரிக்க அஞ்சல்தலைக்காக அதிலிருந்து சிகரெட்டை நீக்கினார்கள். அது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

என்னிடம் இருப்பது குறுந்தகட்டு உறையை ஸ்கேன் செய்த கோப்பு. பெரிதாக்கினால் அச்சுப் புள்ளிகள் தெரிகின்றன, முகத்தின் நிழல்கள் கருமையில் மூழ்குகின்றன. முகத்தைச் செயற்கையாக வழவழப்பாக்காமல் புள்ளிகளை மட்டும் குறைக்கும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளைக்குப் பளபளப்பில்லாத தாள் நல்லதா?

இன்னொன்று: இப்படங்களின் உரிமை பற்றிய வழக்கு மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் வரை போனது. அதனால் அனுமதி பெற்றே அச்சிட விரும்புகிறேன். யாருக்கு எழுத வேண்டும்? உரிமம் பெற்ற நல்ல பிரதியை விலைக்கு வாங்கியவர்கள் இருந்தால், எங்கே வாங்கினீர்கள் என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.