மகளின் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குச் சட்டப்படி என்னென்ன வேண்டும்?

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு தந்தை):

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு 14 வயது ஆகிறது. பள்ளியில் என்.சி.சி.யில் இருக்கிறாள். சென்ற முகாமில் பாயிண்ட் 22 ரைபிளை (0.22 அங்குலக் குழல் கொண்ட சிறு ரகத் துப்பாக்கி) கொடுத்துத் தரையில் படுத்தபடி சுடச் சொன்னபோது, அவளுடைய ஐந்து துளைகளும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயகலத்துக்குள் அடங்கியிருந்தன. அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். இந்த விளையாட்டைத் தொடர வேண்டும் என்கிறாள்.

என் ஐயங்கள் இவை. இந்த வயதில் அவள் துப்பாக்கியைத் தொடுவதையே சட்டம் அனுமதிக்கிறதா? நான் என் பெயரில் உரிமம் எடுத்து ஒரு ரைபிள் வாங்கித் தர முடியுமா? மேலும், துறையூர் அருகே எங்கள் தோட்டத்து வீட்டில், காட்டுப்பன்றிகளிடமிருந்து பயிரைக் காக்க என் தந்தையார் உரிமத்தோடு வைத்திருந்த இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அவர் காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. அம்மா அதைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறார். தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பலகை நட்டு, என் மேற்பார்வையில் அவள் அதில் பழகலாமா?

மறுமொழி 1 (வழக்கறிஞர், மதுரை):

ஐயா, உங்கள் கடைசிக் கேள்விதான் அவசரமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தத் துப்பாக்கியை யாரும் சுடக்கூடாது. உரிமம் என்பது உங்கள் தந்தையாருக்கு, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக வழங்கப்பட்டது. அவர் மறைந்ததும் அது குடும்பத்துக்குத் தானாக வந்துவிடுவதில்லை. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் பிரிவு 21, எந்தக் காரணத்தாலாவது ஓர் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படியானதாக இல்லாமல் போனால், தேவையற்ற தாமதமின்றி அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. எட்டு மாதம் என்பது நீண்ட தாமதம். ஒப்படைப்பதால் துப்பாக்கியின்மேல் உங்களுக்குள்ள உரிமை போய்விடாது. 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி சட்டப்பூர்வ வாரிசு தன் பெயரில் உரிமம் கோரலாம், கிடைத்தால் துப்பாக்கியைத் திரும்பப் பெறலாம், வேண்டாமென்றால் முறைப்படி விற்கலாம். ஆனால் அப்படிப் பெற்ற பிறகும், பயிர்க் காவலுக்கென்று உரிமம் பெற்ற துப்பாக்கியால் தோட்டத்தில் குறி பார்த்துப் பழகுவது உரிமத்தின் நோக்கத்துக்குப் புறம்பானதே. பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாகும்படி அலட்சியமாகச் சுட்டால், 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

மகளின் வயதைப் பொறுத்தவரை, 21 வயது நிறையாதவர் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது என்பது பிரிவு 9 வகுத்துள்ள பொது விதி. ஆனால் அதே பிரிவு பயிற்சிக்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. விதிகளின்படி 12 வயது நிறைந்தவர் உரிய மேற்பார்வையில் இலக்குப் பயிற்சி பெறலாம். முகாமில் அவள் சுட்டதற்கு அடிப்படை வேறு. என்.சி.சி. உறுப்பினர் தம் பணியின்போது செய்வதற்குப் பிரிவு 45 தனி விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு முகாமின் வாசலோடு முடிந்துவிடுகிறது.

உங்கள் பெயரில் உரிமம் எடுப்பதைப் பற்றி: சென்னை மாநகரில் காவல் ஆணையரிடமும் மாவட்டங்களில் ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறையின் விசாரணை அறிக்கை, மருத்துவச் சான்று, ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று, வீட்டில் பூட்டிப் பாதுகாப்பேன் என்னும் உறுதிமொழி ஆகியவை கேட்கப்படும். போதுமான சொத்து இல்லை என்ற காரணத்தால் மட்டும் உரிமத்தை மறுக்கக்கூடாது என்று பிரிவு 14 சொல்வதைப் பலர் அறிவதில்லை என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன். 2019-க்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக உயர்ந்தது. ஆயினும் உங்கள் மகளின் நிலையில் முதல் படி உரிமம் அன்று, ரைபிள் கிளப்பில் சேர்வதே என்பது என் உறுதியான கருத்து. மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காகப் பாயிண்ட் 22 ரைபிள் கேட்பதை உரிமத்துக்கு ஏற்ற காரணமாகச் சட்டமே பிரிவு 13-இல் தனியே சொல்லியிருக்கிறது.

மறுமொழி 2 (கிளப் வீராங்கனை, கோவை):

வழக்கறிஞர் ஐயா சொன்னதையே நானும் சொல்வேன். ஆறு ஆண்டுகளாகச் சுடுகிறேன். அவற்றில் முதல் மூன்று ஆண்டுகள் என்னிடம் சொந்தமாக எதுவுமே இல்லை. கிளப்பின் ரைபிளை அங்கேயே வாங்கி, அங்கேயே சுட்டு, அங்கேயே ஒப்படைத்துவிட்டு வருவேன். உங்கள் ஊரிலும் மாநகரக் காவல்துறையின் ரைபிள் கிளப் இருக்கிறது. 2022-இல் மாநிலப் போட்டியே அங்கு நடந்தது.

பெரும்பாலான பிள்ளைகள் 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான் (காற்றழுத்தத்தால் சுடுவது) தொடங்குகிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பெயர் பெற்றதும் அதே பிரிவில்தான். அந்த இலக்கின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான், அதாவது வாக்கியத்தின் முடிவில் வைக்கும் முற்றுப்புள்ளி அளவு. மூச்சையும் விரலையும் பழக்குவதற்கு அதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் வேறில்லை.

வாங்கும்போது மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைபிளுக்குத்தான் உரிமம் தேவையில்லை. என் தம்பிக்கு ஒரு கடையில் "எந்தக் காகிதமும் வேண்டாம்" என்று சொல்லி ஒன்றை விற்றுவிட்டார்கள். கிளப்புக்குக் கொண்டுபோனபோது பயிற்சியாளர் துப்பாக்கியைக்கூடப் பார்க்கவில்லை. பெல்லட் (ஏர் ரைபிளில் இடும் சிறு குண்டு) டப்பாவைத் திருப்பி அதன் அடியில் அச்சிட்டிருந்த 5.5 என்ற எண்ணைக் காட்டினார். உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடாத பொருள் இரண்டு மாதங்களாக எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது. அன்றே வழக்கறிஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். அன்றைக்கு என் அம்மாவின் முகம் இருந்த நிலையை நான் மறக்கவில்லை.

கிளப்பில் அவள் முதலில் கற்கப்போவது சுடுவதை அன்று. ரைபிள் சுடப்படாத நேரமெல்லாம் அதன் குழல் முழுவதும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற இழை ஒன்று செருகப்பட்டிருக்க வேண்டும். தோட்டா உள்ளே இல்லை என்பதை எட்ட நிற்பவரும் காண்பதற்காக. எனக்கு முதல் வாரம் முழுவதும் அந்த இழையைச் செருகுவதும் உருவுவதுமாகவே கழிந்தது.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ரைபிள் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மகளோடு கிளப்புக்குப் போகிறேன். அப்பாவின் துப்பாக்கியை ஒப்படைக்க அம்மா இப்போதுதான் சம்மதித்தார். அவருடைய உரிமப் புத்தகமும், ஒரு பெட்டியில் பதினொரு தோட்டாக்களும் உள்ளன. அவற்றையும் கொடுக்க வேண்டுமா?

மறுமொழி 1 (வழக்கறிஞர், மதுரை):

கட்டாயம் கொடுக்க வேண்டும் ஐயா. தோட்டாக்களுக்கும் அதே பிரிவு 21 பொருந்தும். முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி, தோட்டா இடாத துப்பாக்கியை உறையில் முழுவதும் மூடி எடுத்துச் செல்லுங்கள். இறப்புச் சான்றிதழையும் உரிமப் புத்தகத்தின் நகலையும் உடன் வைத்திருங்கள். துப்பாக்கியின் எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் எழுதிய ஒப்புகைச் சீட்டைக் கையொப்பத்தோடும் முத்திரையோடும் வாங்காமல் திரும்ப வேண்டாம். நாளை வாரிசு உரிமம் கேட்கப் போகும்போது உங்கள் கையில் முதலில் இருக்க வேண்டிய காகிதம் அதுதான்.