கலைச்சொல் வேண்டும்: லூபஸில் 'ஃப்ளேர்', 'ரெமிஷன்' (வெள்ளிக்கு முன்)

தும்பை:
அன்பர்களே, லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய்) நோயாளிகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஃப்ளேர்' என்றால் நோய் மீண்டும் கிளம்புவது, 'ரெமிஷன்' என்றால் அடங்கியிருப்பது; இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். இடிக்கும் வரி இது: "நோய் குறைந்தது 6 மாதம் ரெமிஷனில் இருந்த பிறகு கருத்தரிப்பைத் திட்டமிடுங்கள்." கைக்கு வந்த வரைவில் 'குணமடைந்த பிறகு' என்றிருக்கிறது.

மருத்துவர் க.:
'குணம்' வேண்டவே வேண்டாம். குணமாகிவிட்டது என்று படிப்பவர், லூபஸுக்குத் தொடர்ந்து எடுக்கும் மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் நோய் திரும்பக் கிளம்பும் வாய்ப்பு கூடும். ரெமிஷனுக்கான 2021 பன்னாட்டு வரையறைப்படி பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை நாளுக்கு 5 மி.கி. வரை எடுத்துக்கொண்டிருந்தாலும், ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் கூடுதலாக இருந்தாலும் அது ரெமிஷன்தான். அதற்கேற்ற சொல் தாருங்கள்.

வேர்க்கிழார்:
தணிவு. ஐயமே இல்லை. ஃப்ளேருக்கு 'மூளல்'. தீ மூளும், பகை மூளும், போர் மூளும். மூள் தன்வினை, மூட்டு பிறவினை, நீள்–நீட்டு போல. லூபஸில் பலருக்கும் வலிப்பது எது? மூட்டு! சூடு மூளும் இடமாதலின் மூட்டு ஆயிற்று என்பது என் துணிபு. முட்டு, முட்டி, முடிச்சு, மூட்டை எல்லாவற்றையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

நொச்சி:
ஐயா, மூட்டை வரை வந்துவிட்டீர்கள். துணியை மூட்டுகிறோமே, அந்த மூட்டுதான் உடம்பில் இருப்பது. தீ மூட்டுவது வேறு. 'சீற்றம்' என்று போடுங்கள், எல்லோருக்கும் புரியும்.

மருத்துவர் க.:
சீற்றம் என்றால் வெளியே தெரிய வேண்டுமே. சிறுநீரகத்தில் நோய் எழும்போது பலருக்கு வலியே இருக்காது. சிறுநீரில் புரதம் ஒழுகுவது சோதனையில்தான் தெரியவரும். 'சீறவில்லையே' என்று சோதனைக்கே வரமாட்டார்கள்.

வேர்க்கிழார்:
அதற்குத்தான் மூளல் என்றேன். நீறு பூத்த நெருப்பு. மேலே ஒன்றும் தெரியாது.

நொச்சி:
'மூளல்' என்று அச்சிட்டால் பாதிப் பேர் 'மூளை' என்று படிப்பார்கள். லூபஸ் மூளையைத் தாக்குவது பற்றிய பக்கமும் இதே கையேட்டில்தான் இருக்கிறது.

வேர்க்கிழார்:
வாசகரின் மூளையை இவ்வளவு குறைத்து மதிப்பிடலாகாது. சரி, லூபஸை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள்? லத்தீனில் அது ஓநாய். 'கோநாய்' என்ற வடிவமும் நம்மிடம் உண்டு.

மருத்துவர் க.:
சோதனைச் சீட்டில் கோநாய் என்று வராது, ஐயா. நோயாளி தன் நோயின் பெயரைச் சீட்டில் பார்த்து அடையாளம் காண வேண்டும்.

தும்பை:
தணிவு உறுதி. ஃப்ளேருக்கு 'நோய் தலைதூக்குதல்' என்று எழுதுகிறேன். நேற்றுவரை வந்த மடல்களில் அதற்குத்தான் எதிர்ப்பு குறைவு, அல்லது எல்லோரும் களைத்துவிட்டீர்கள். இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறேன்: "கருவுக்குத் தீங்கு செய்யக்கூடிய மைக்கோஃபீனோலேட் மருந்தை எடுப்பவர்கள், தணிவில் இருந்தாலும், மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றிய பிறகே கருத்தரிக்க வேண்டும்."

மருத்துவர் க.:
அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

வேர்க்கிழார்:
தலைதூக்குதல் வினையாக நிற்கும், கலைச்சொல்லாக நிற்காது. அட்டவணையில் 'சிறுநீரகத் தலைதூக்கல்' என்றா போடுவீர்கள்? என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். மூட்டு பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.