புதுப்பிப்பு: சிஃபிலிஸ் ஊசி போட்டு 6 மாதம் ஆகிறது

போன முறை எழுதியது இதுதான்: பிறப்புறுப்பில் வலியில்லாத ஒரு புண், தானாகவே ஆறிவிட்டது. கொஞ்ச நாளில் உள்ளங்கையில் செம்புள்ளிகள். ரத்தத்தில் வி.டி.ஆர்.எல். (சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான சோதனை) பாசிட்டிவ், அளவு 1:32. அரசு மருத்துவமனை பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போகச் சொன்னீர்கள். போனேன்.

பென்சாதின் பென்சிலின் ஊசி, மொத்தம் 24 லட்சம் யூனிட், பிட்டத்தில் இரண்டு பக்கமும் பாதிப்பாதியாக. பால் மாதிரி கெட்டியான மருந்து, செவிலியர் அக்கா மெதுவாகத்தான் இறக்கினார். இரண்டு நாள் சரியாக உட்கார முடியவில்லை. அன்று இரவே குளிர் காய்ச்சல் வேறு. கிருமி சாகும்போது சிலருக்கு அப்படி வரும், ஒரு நாளில் அடங்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. அடங்கிவிட்டது.

மனைவியிடம் சொன்னதுதான் பெரிய கஷ்டம். நான்கு நாள் பேசவில்லை. அப்புறம் அவளே கிளம்பி வந்தாள். அவளுக்கு ஒரு அறிகுறியும் கிடையாது, ஆனால் பரிசோதனையில் பாசிட்டிவ். அவளுக்கும் ஊசி போட்டார்கள். நான் மறைத்திருந்தால் அது அவள் உடம்பிலேயே தங்கியிருக்கும், நாளை கருவில் இருக்கும் குழந்தைக்கும் போயிருக்கும். இதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) இருவருக்கும் எச்.ஐ.வி. சோதனை இலவசமாகச் செய்தார்கள். நெகட்டிவ். 3 மாதம் கழித்தும் நெகட்டிவ்.

நேற்று வந்த வி.டி.ஆர்.எல். முடிவு 1:4. 1:32-இலிருந்து இவ்வளவு இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு சிஃபிலிஸ் ரத்தப் பரிசோதனை மட்டும் இன்னும் பாசிட்டிவ்தான். குணமான பிறகும் பெரும்பாலானவர்களுக்கு அது ஆயுள் முழுக்க அப்படியே காட்டுமாம், அதனால் மறு சிகிச்சை தேவையில்லை என்றார் டாக்டர். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பதும் இல்லை.

நேரில் போகத் தயங்குபவர்கள் தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097-க்கு அழையுங்கள், இலவசம். எனக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை 12-ஆம் மாதத்தில்.